வெங்காயம் எப்போது ‘சின்ன’ வெங்காயம் ஆனது?

திருநெல்வேலிப் பக்கம் காய்கறிக் கடையில் ‘வெங்காயம் அரைக் கிலோ’ என்றால் சிறியது வரும். பெரியது வேண்டுமானால் ‘பல்லாரி’ என்று கேட்க வேண்டும். கர்நாடகத்துப் பல்லாரிச் சரக்கு என்கிற செய்தி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. சென்னையில் அதே அரைக் கிலோவைக் கேட்டால் பெரியதைத்தான் தராசில் போடுவார்கள்; சிறியதற்கு அங்கே ‘சின்ன வெங்காயம்’ அல்லது ‘சாம்பார் வெங்காயம்’ என்று பெயர். இரண்டு ஊரிலும் இரண்டு சரக்கும் கிடைக்கின்றன. வெறும் பெயர் யாருக்கு, கூடுதல் பெயரைச் சுமப்பவர் யார் என்பதில்தான் ஊருக்கு ஊர் மாற்றம்.

பல்லாரி வருவதற்கு முன்னால் ‘சின்ன’ என்ற அடைக்கு, அதாவது பெயருக்கு முன்னால் ஒட்டும் சொல்லுக்கு, வேலையே கிடையாது. எதைவிடச் சின்னது? வெங்காயத்தின் அளவு அன்றும் இன்றும் ஒன்றுதான். பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது, அவ்வளவே. அதனால் அந்தச் சொல்லின் பொருள் சென்னையில் ஒரு விதமாகவும் நெல்லையில் வேறு விதமாகவும் நகர்ந்துவிட்டது.

இதற்குத் தமிழ் இலக்கணத்தில் மிகப் பழைய விதி ஒன்று உண்டு. ‘இனச்சுட்டு இல்லாப் பண்புகொள் பெயர்க்கொடை வழக்காறு அல்ல செய்யுளாறே’ என்கிறது தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயல். ஒரு பொருளுக்குப் பண்படை கொடுத்தால், அந்த அடை இல்லாத இன்னொரு இனமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அப்படிப் பெயர் கொடுப்பது பேச்சு வழக்கு ஆகாது, செய்யுளுக்கு மட்டுமே ஆகும். செந்தாமரை என்கிறோம், வெண்டாமரை இருப்பதால். செஞ்ஞாயிறு என்று பாட்டில் எழுதலாம். ஆனால் கருஞாயிறு என்று ஒன்று இல்லாததால் தெருவில் நின்று ‘செஞ்ஞாயிறு உதிச்சாச்சு’ என்று யாரும் சொல்வதில்லை.

20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மொழியியல் இதையே பெரிய கோட்பாடாக விரித்தது. சுவிட்சர்லாந்தின் சொசூர் 1913இல் இறந்த பிறகு, 1916இல் அச்சான அவருடைய பாடக் குறிப்புகளில், மொழிக்குள் இருப்பவை வேறுபாடுகள் மட்டுமே என்ற முடிவு வருகிறது. தொல்காப்பிய விதி அவ்வளவு அகலமானதன்று. ஆனால் கையில் எடுத்து வேலை செய்ய அதுதான் வசதி. அதைத் திருப்பிப் போட்டால் நல்ல கருவி ஒன்று கிடைக்கும்: பேச்சில் ஒரு சொல்லுக்குப் புதிதாக அடை ஒட்டிக்கொண்டால், அங்கே ஒரு இனம் புதிதாகப் பிறந்திருக்கிறது. அடை உதிர்ந்தால், போட்டி முடிந்திருக்கிறது. அடை ஒருவர் தலையிலிருந்து மற்றவர் தலைக்கு மாறினால், ஆட்சி மாறியிருக்கிறது.

இந்தக் கருவியைச் சோதித்துப் பார்க்கச் சமையலறையை விடச் சிறந்த இடம் இல்லை. அங்கே பொருள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெயர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

எண்ணெயிலிருந்து தொடங்கலாம். எள் + நெய் = எண்ணெய். சொல்லைப் பிரித்தால் நல்லெண்ணெய் ஒன்றைத்தான் அது குறிக்க முடியும். இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாவற்றிலும் அது இருக்கிறது, எள்தான் இல்லை. இந்த மாற்றம் நேற்று நடந்ததன்று. கன்னடத்து எண்ணெ, மலையாளத்து எண்ண, தெலுங்கின் நூனெ (அங்கே எள்ளுக்கு நுவ்வு) எல்லாமே எள்ளின் நெய்யாகத் தொடங்கிப் பொது எண்ணெய் ஆனவை. வடமொழியில் தைலம் என்பது திலத்திலிருந்து, அதாவது எள்ளிலிருந்து வந்தது. ஆங்கிலத்து ஆயில் இலத்தீன் வழியாகவும் கிரேக்கத்தின் வழியாகவும் ஆலிவ் காய்க்குப் போய்ச் சேருகிறது. ஊரில் முதலில் கிடைத்த எண்ணெய் எதுவோ, அதன் பெயரே எல்லா எண்ணெய்க்கும் பொதுப் பெயராகிவிடுவது உலக வழக்கம் போலிருக்கிறது. பொதுவான பிறகு முதல்வனுக்கே பெயர் இல்லாமல் போய்விடும். அதனால்தான் எள்ளின் எண்ணெய்க்கு ‘நல்ல’ என்று ஓர் அடை தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் ‘ஆலிவ் ஆயில்’ என்று ஒரே காயை இருமுறை சொல்ல வேண்டி வந்தது.

இப்போது மூன்று சொல்லும் தமிழில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரே பொருளுக்கு மூன்று பெயரை மொழி நெடுநாள் சும்மா வைத்திருக்காது, பாகம் பிரித்துவிடும். தாளிக்க எண்ணெய், முழங்கால் வலிக்குத் தைலம், வண்டி எஞ்சினுக்கு ஆயில். ‘எஞ்சினுக்கு எண்ணெய் மாத்தணும்’ என்றால் மெக்கானிக்குக்குப் புரியும், ஆனாலும் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். ‘சட்டியில தைலம் ஊத்து’ என்றால் சமையற்காரர் பயந்துவிடுவார். வேர் ஒன்றுபோல் இருந்தும் பொருள் பிரிந்து நிற்பது ஒன்றையொன்று தள்ளுவதால்தான்.

எண்ணெய் இப்படி அகலமானபோது நெய் என்ன ஆனது என்பது இன்னும் சுவையான செய்தி. இன்று நெய் என்றால் வெண்ணெய் உருக்கியது மட்டும். சங்க காலத்தில் அது பெரிய நிலத்துக்குச் சொந்தக்காரர். கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் பண்டமாற்று நடக்கிறது: ஒருவர் தேன்நெய்யும் கிழங்கும் கொடுத்து மீன்நெய்யும் கள்ளும் வாங்குகிறார். தேனும் நெய், மீனிலிருந்து வடித்ததும் நெய். இன்று மீன் எண்ணெய் மாத்திரை என்போமே தவிர மீன் நெய் என்று சொல்ல நாக்கு வராது. விதையிலிருந்து வந்ததையும் மீனிலிருந்து வந்ததையும் எண்ணெய் எடுத்துக்கொண்டது. தேன் தனிப் பெயராக நின்றுவிட்டது. மிச்சம் இருந்த பால் பக்கத்து மூலையில் நெய் ஒதுங்கியது. வெண்ணெய் (வெண்மை + நெய்) என்ற சொல்லில் மட்டும் பழைய அகலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடைகளும் நாளாவட்டத்தில் காலி டப்பாவாகிவிடும் என்பதற்கு விளக்கெண்ணெய் சாட்சி. விளக்கு எரிக்கப் பயன்பட்ட ஆமணக்கு எண்ணெய் அது. இன்று வீட்டு விளக்கில் பெரும்பாலும் நல்லெண்ணெய். விளக்கெண்ணெய் வயிற்றைச் சுத்தம் செய்ய. பெயரிலுள்ள விளக்கு அணைந்துவிட்டதால், உண்மையிலேயே விளக்குக்கு விற்பதற்குக் கடைக்காரர்கள் ‘தீப எண்ணெய்’ என்று புதுப்பெயர் தேட வேண்டியதாயிற்று. தீப எண்ணெய் சமையலுக்கு உரியதன்று என்று போத்தலில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே தட்டில் இருக்கும் கடையில் பெயரின் வேர்ப்பொருளை நம்பி வாங்குவது ஆபத்து.

இதே விளையாட்டு மிளகில் இன்னும் தெளிவாக இருக்கிறது. காரணம், அங்கே புதியவர் எப்போது வந்தார் என்பது நமக்குத் தெரியும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். அடுத்த நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் இங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முன் இந்த நாட்டில் நாக்கை எரிக்கும் வேலையைப் பெரும்பாலும் மிளகும் இஞ்சியும் திப்பிலியும் பார்த்தன. புதிய காய்க்குப் பெயர் வைக்கப் பழைய எரிப்பையே அளவுகோலாக எடுத்தார்கள். தமிழில் மிளகு + காய் = மிளகாய். கன்னடத்தில் மெணசு மிளகு; மெணசினகாயி மிளகாய்.

ஆனால் மலையாளத்தில் கதை தலைகீழ். அங்கே வெறும் ‘முளகு’ என்றால் மிளகாய். பழைய மிளகு ‘குருமுளகு’ என்றோ ‘நல்லமுளகு’ என்றோ அடை தாங்கித் திரிகிறது. மிளகின் தாய்நாடே மலபார். அந்த மண்ணிலேயே வந்தவர் பெயரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார். எல்லையோரம் என்பதால் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிலும் ‘நல்லமிளகு’ உண்டு. நல்லெண்ணெய், நல்லமிளகு, நல்ல தண்ணி: இந்த ‘நல்ல’வைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பு அடையில்லாமல் இருந்ததற்குப் பின்னால் குத்தப்பட்ட முத்திரை அது.

மிளகுக்குச் சங்க இலக்கியத்தில் இன்னொரு பெயர் கறி. முசிறித் துறைக்கு வந்த யவனர் மரக்கலங்கள் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறது அகநானூறு. இன்றைய தமிழ்நாட்டுப் பொருளில் படித்தால், யவனர்கள் பொன்னைக் கொட்டி ஆட்டிறைச்சி ஏற்றிக்கொண்டு ரோமுக்குப் போனார்கள் என்றாகிவிடும். மிளகைக் குறிக்க வேறு சொல்லும் இருந்ததால் கறி தன் இடத்தை விட்டு நகர முடிந்தது. மிளகிட்டுச் சமைத்ததைக் குறித்து, பிறகு சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதைக் குறித்து, அங்கிருந்து ஊருக்கு ஒரு பக்கமாகப் பிரிந்தது. தமிழ்நாட்டில் கறிக்கடை என்றால் இறைச்சிக் கடை. யாழ்ப்பாணத்தில் சோற்றோடு வரும் எதுவும் கறி. காய் என்றால் மரக்கறி, இறைச்சியைத் தனியே இறைச்சி என்பார்கள். தமிழ்நாட்டுப் பிராமண வீடுகளில் கறி என்றால் வாழைக்காய்க் கறி, கத்தரிக்காய்க் கறி; அங்கே இறைச்சி என்ற எதிர்ச்சொல்லே பந்தியில் இல்லாததால் குழப்பத்துக்கும் இடமில்லை. மூன்று வீட்டிலும் ‘இன்னைக்கு என்ன கறி?’ என்ற கேள்வி எழும். எழுத்து ஒன்று, எதிரில் நிற்பவை வேறு வேறு.

எதிரில் நிற்பதே பொருளைத் தருகிறது என்பதற்குப் ‘பச்சை’யைப் போல் ஒளிவுமறைவில்லாத சான்று கிடையாது. பச்சை மிளகாயின் எதிர் வற்றல். பச்சைத் தண்ணீரின் எதிர் சுடுதண்ணீர். பச்சைப் பாலின் எதிர் காய்ச்சிய பால். பச்சை முட்டையின் எதிர் வேகவைத்தது. பச்சரிசியின் எதிர் புழுங்கலரிசி. இவற்றில் மிளகாய் ஒன்றுதான் நிறத்தில் பச்சை. அரிசியும் பாலும் வெள்ளை, தண்ணீருக்கு நிறமே இல்லை. பச்சை என்ற சொல்லுக்குள் துருவிப் பார்த்தால் இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு பண்பைக் கண்டுபிடிப்பது கடினம்: உலராதது, சுடாதது, காயாதது, வேகாதது, புழுங்காதது. பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் செய்கைக்கு ஆளானாரோ, அதற்கு ஆளாகாதவர் பச்சை. அவ்வளவுதான் அதன் இலக்கணம்.

அரிசியில் இந்த எதிர்மை கைவேலையாகவே தெரியும். புழுங்கலுக்கு நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, உலர்த்தி, பிறகு அரைக்கிறார்கள். பச்சரிசிக்கு நெல்லை உலர்த்தி நேரே அரைத்துவிடுவார்கள். சமையல் குறிப்பில் ‘அரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு’ என்று மட்டும் எழுதி அடையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? எழுதியவருக்கு அது இட்லிக்கானது என்பதால் புழுங்கல் என்று தனியே சொல்லத் தோன்றியிருக்காது. படிப்பவர் வீட்டில் பொங்கலுக்கு வாங்கிய பச்சரிசி இருந்தால் அதைப் போட்டு ஊறவைப்பார். இட்லி கல்லாக வரும். தவறு அளவில் இல்லை. எழுதியவரின் ‘வெறும் அரிசி’யும் படிப்பவரின் ‘வெறும் அரிசி’யும் ஒன்றில்லை.

சர்க்கரையில் இந்த விபத்து இன்னும் அடிக்கடி நடக்கும். சென்னையில் சர்க்கரை என்றால் வெள்ளை. தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் வெள்ளைக்குச் சீனி என்று பெயர்; சீனாவோடு தொடர்புபடுத்திய பெயர் அது. கொங்குப் பக்கம் பெரியவர்கள் ‘அஸ்கா’ என்பார்கள். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து அஸ்கா, ஒரு காலத்தில் சென்னை மாகாணத்திலேயே இருந்த சர்க்கரை ஆலை ஊர். சீனியும் அஸ்காவும் இருக்கும் இடங்களில் சர்க்கரை என்ற சொல் கரும்பின் பழுப்புச் சரக்கையே இன்னும் குறிக்கிறது. அவை இல்லாத இடங்களில் வெள்ளை அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. பழுப்புக்கு ‘நாட்டுச் சர்க்கரை’ என்று அடை போட வேண்டியிருந்தது. ஆனால் மாறாத இடம் ஒன்று இருக்கிறது: சர்க்கரைப் பொங்கல். சென்னைக்காரரும் அதில் வெல்லம்தான் போடுகிறார். ஒரு பங்கு பச்சரிசி, கால் பங்கு பாசிப்பருப்பு, ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு பொடித்த வெல்லம். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டிச் சேர்க்க வேண்டும். பெயரை நம்பி வெள்ளைச் சர்க்கரையை அதே அளவு கொட்டினால் நிறமும் வராது, மணமும் வராது, இனிப்பு மட்டும் தெவிட்டும்.

கூட்டுச்சொல்லுக்குள் மாட்டிக்கொண்ட பழைய பொருள் இப்படிப் புதைபடிவமாக நின்றுவிடுகிறது. துர்நாற்றமும் இப்படித்தான். நாற்றம் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது என்பது எல்லாரும் சொல்லும் எடுத்துக்காட்டு. ‘நாற்றத் துழாய்முடி நாராயணன்’ என்று திருப்பாவையில் ஆண்டாள் பாடியதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். மணமும் வாசனையும் நல்ல பக்கத்தை எடுத்துக்கொண்டன. மிச்சப் பக்கம் நாற்றத்துக்கு வந்தது. அது பொதுச் சொல்லாக, நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் நின்ற கட்டத்தில்தான் ‘துர்’ என்ற அடைக்கு வேலை இருந்திருக்கும். இன்று நாற்றம் என்றாலே போதும், ஆனாலும் செய்தித்தாள் ‘துர்நாற்றம் வீசியது’ என்றே எழுதுகிறது.

ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே சொல் பல வரிசைகளில் நிற்கவும் முடியும். பள்ளிக்கூட வேதியியலில் காரத்தின் எதிர் அமிலம். சாப்பாட்டு இலையில் காரம் என்றால் மிளகாயின் எரிப்பு. இனிப்புக் கடையில் ‘கால் கிலோ காரம்’ என்றால் மிக்சர், சேவு, காராபூந்தி. நாக்கில் எரியாத ஓமப்பொடியும் அங்கே காரம்தான், ஏனென்றால் அந்தக் கடையில் உள்ள இரண்டே இனம் இனிப்பும் காரமும். ஓட்டல் பலகையில் ‘சாப்பாடு’ என்பதும் அப்படியே. இரவு ஆறு இட்லியும் ஒரு தோசையும் சாப்பிட்டவர், ‘சாப்பாடு வேண்டாம்னுட்டு டிபனோட நிறுத்திட்டேன்’ என்பார். சோறு இலையில் விழுந்தால் சாப்பாடு, விழாவிட்டால் டிபன். வயிறு நிறைந்ததா என்பதற்கு அங்கே இடமில்லை.

காலத்தில் பின்னோக்கிப் போய் ஒரு சொல்லின் அன்றைய பொருளைப் பிடிக்க வேண்டுமானால், வேரைப் பிரிப்பதில் தொடங்கக் கூடாது. வேர், சொல் எங்கிருந்து புறப்பட்டது என்று சொல்லும். அன்றைக்கு எந்த ஊரில் இருந்தது என்று சொல்லாது. முதலில் அந்தச் சொல் வருகிற இடங்களை முடிந்தவரை எல்லாம் சேர்க்க வேண்டும், ஒன்றிரண்டு அழகான வரிகளை மட்டும் பொறுக்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு இடத்திலும் அதன் அருகில் எந்தப் பொருள் நிற்கிறது, எதிரில் எது நிற்கிறது, அடை உண்டா, அடை உரைநடையில் வருகிறதா பாட்டில் வருகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் கால வரிசை.

அருகில் நிற்கும் பொருள் எவ்வளவு உதவும் என்பதற்குச் சோழர் கல்வெட்டு நல்ல பாடம். கோயிலில் ஒரு நொந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிய ‘சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு’ விடப்படும். அவற்றைக் கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்பது நாழியில் கால் பங்கு. இந்த நெய் எது என்று அகராதியைத் தேட வேண்டியதில்லை. 96 ஆடுகள் பக்கத்திலேயே நிற்கின்றன. பால் வழி வந்தது என்பதில் ஐயமில்லை. அரசனின் ஆட்சியாண்டு கல்வெட்டில் இருந்தால் காலமும் கையில் கிடைத்துவிடும். பாட்டில் வரும் நெய்க்கு இந்த வசதி பெரும்பாலும் இருக்காது.

பாட்டில் வழுக்கும் இடம் அடையிலேயே இருக்கிறது. பட்டினப்பாலையில் ‘கருங்கறி மூடை’ வருகிறது. கருமை என்ற அடை இருக்கிறதே, அப்படியானால் அன்றைக்கே தோல் நீக்கிய வெள்ளை மிளகும் வணிகத்தில் இருந்தது என்று முடிவு கட்டலாமா? கூடாது. இனம் சுட்டாத அடை செய்யுளுக்கு உரியது என்று இலக்கணமே எச்சரித்துவிட்டது. கருங்கறி செஞ்ஞாயிற்றைப் போல வெறும் வண்ணமாகவே இருக்கலாம். கல்வெட்டு, கணக்கு ஓலை, விலைப்பட்டியல், கடைப்பலகை போன்றவற்றில் ஓர் அடை வந்தால் அதன் எடையே வேறு. எழுத்து மிச்சம் பிடிப்பவர் வீணாக ஒரு சொல் சேர்க்கமாட்டார்.

உரையாசிரியர்களை நம்புவதிலும் ஓர் அளவு வேண்டும். பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் பாடல்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியவர். தம் காலத்துச் சொல்லைக் கொண்டு பழஞ்சொல்லை விளக்குகிறார். அது அவர் காலத்தின் எதிர்மைகளுக்கு அருமையான சான்று, பாடலின் காலத்துக்கு இரண்டாந்தரச் சான்று. 1924இலிருந்து 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பொருள்தோறும் மேற்கோள் தருவது பெரிய வசதி. ஆனால் அங்கே காட்டிய மேற்கோளின் காலமே அந்தப் பொருள் பிறந்த காலம் என்று கொண்டால் ஏமாறுவோம். இன்றைய வழக்குக்கு, 1992இல் முதலில் வந்து பின்பு விரிந்த க்ரியா அகராதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கை வழக்கென்று அது குறித்துள்ள இடங்கள் கறி, சீனி போன்ற சொற்களுக்கு மிக உதவும்.

அடையை அலட்சியமாக விட்டால் நாக்கோடு போகாத சேதமும் உண்டு. சீமைக் கருவேலம் வெளிநாட்டிலிருந்து வந்த மரம். ‘சீமை’ என்ற அடையே அதைச் சொல்கிறது. பல ஊர்களில் அது பெருகிய பெருக்கில் அடை உதிர்ந்து, வெறும் ‘கருவேலம்’ என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. இங்கேயே இருந்த மரம் ‘நாட்டுக் கருவேலம்’ ஆயிற்று. இந்த நிலையில் ‘கருவேல மரங்களை அகற்றவும்’ என்று ஒரு கூலி ஒப்பந்தத்தில் எழுதினால் இரண்டும் வெட்டுப்படும். வெட்டுமுன் காயைப் பார்ப்பது எளிய வழி: நாட்டு மரத்தின் காய் மணிமாலை போல் கண்ணிக்குக் கண்ணி இடுங்கியிருக்கும், சீமையின் காய் இடுக்கு இல்லாமல் நீண்டு, பழுத்தால் மஞ்சளாகும். பூக்காலம் என்றால் இன்னும் எளிது. நாட்டுக்கு மஞ்சள் பந்து, சீமைக்குக் கதிர்.

சீமையும் நாட்டும் இந்தத் தராசின் இரண்டு தட்டுகள். பொருள் புதிதாக இறங்கும்போது சீமை ஒட்டும்: சீமைப்பசு, சீமைக் கத்தரிக்காய், சீமெண்ணெய். அது பெருகி வீட்டுப்பொருளானதும் சீமை உதிரும், பழையதன் மேல் நாட்டு ஏறும்: நாட்டுமாடு, நாட்டுக்கோழி, நாட்டுத் தக்காளி. நாட்டு என்பதற்கு இன்று கூடுதல் விலையும் உண்டு என்பது வேறு கதை. செக்கும் அப்படியே. எல்லா எண்ணெயும் செக்கில் ஆடியபோது ‘செக்கு எண்ணெய்’ என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆலை எண்ணெய் வந்து, பாக்கெட் எண்ணெய் வந்து, இப்போது ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று இரண்டு அடை.

இந்தச் சுற்றுக்கு நூற்றாண்டுகள் தேவை என்பதில்லை. தமிழில் பேசும் படம் 1931இல் வந்தது. அதுவரை யாரும் ‘ஊமைப்படம்’ பார்க்கவில்லை, படம்தான் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் ‘பேசும்’ உதிர்ந்தது, ‘ஊமை’ ஒட்டியது. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலையில். முதலில் போன், செல்போன் என்று இரண்டு. இன்று போன் என்றால் சட்டைப்பையில் இருப்பது, மேசையில் இருப்பது லேண்ட்லைன். ஒரே தலைமுறையின் வாயிலேயே இந்தச் சுற்று முடிந்துவிட்டது.

இப்போது சுழன்றுகொண்டிருப்பது வண்டி. கிராமத்தில் வண்டி என்றால் மாட்டு வண்டியாக இருந்த காலத்தில் மற்றவைதான் அடை தாங்கின: புகைவண்டி, மோட்டார் வண்டி. பிறகு ‘வண்டிய எடு’ என்றால் இருசக்கர வாகனம் என்றாயிற்று; மாடு பூட்டியது மாட்டு வண்டி ஆயிற்று. மின்கலத்தில் ஓடுவது வந்தபோது அது ‘எலெக்ட்ரிக் வண்டி’ என்று அடையோடு நுழைந்தது. இரண்டையும் விற்கும் கடைகளில் இப்போதே ‘பெட்ரோல் வண்டியா, எலெக்ட்ரிக்கா?’ என்று கேட்கிறார்கள்; அடை இரண்டு தலையிலும் இருக்கும் கட்டம் இது. பழைய வண்டியை விற்க வருபவர், யாரும் கேட்காமலே ‘பெட்ரோல் வண்டிங்க’ என்று தொடங்கும் நாளைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.